கவயமாவைக் காணும் முன்

இன்னும் வெளிவராத ஒரு பொருளை இன்னும் வெளிவராத மற்றொரு பொருளோடு ஒப்பிட்டு, இரண்டில் இதுவே மேலானது என்று ஒருவர் துணியும்போது அவர் பெற்றிருப்பது அறிவுதானா என்னும் வினா, கணினி விளையாட்டுகளை வாங்குவோர் நாள்தோறும் கடந்து போகும் சிறு விஷயமாகத் தோன்றினாலும், தமிழ் மெய்ப்பொருள் மரபு நெடுங்காலம் ஆராய்ந்த ஒரு சிக்கலின் புதிய வடிவமே ஆகும். பொருளை உள்ளவாறு அறிவதற்குக் கருவியாக நிற்பதை வடநூலார் பிரமாணம் என்பர்; தமிழ் நூல்கள் அதனை அளவை என்று வழங்குகின்றன. நாழி நெல்லை அளப்பது போல உண்மையை அளந்து தருவதால் அப்பெயர் பொருந்திற்று. வரவிருக்கும் விண்வெளி வியூக விளையாட்டுகளைப் பற்றிய ஒப்பீடுகளை எந்த நாழி அளக்கிறது என்பதும், அந்த நாழியின் அடியில் ஓட்டை உண்டா என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

வியூக விளையாட்டு என்பது, ஒற்றை வீரனாக நின்று சுடும் வேலையை விடுத்து, ஒரு படையையோ பேரரசையோ மேலிருந்து நடத்தும் பொறுப்பை ஆடுபவரிடம் ஒப்படைப்பதாகும்; அதன் களம் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியாக அமையும்போது விண்வெளி வியூகம் என்ற வகை பிறக்கிறது. 1993-இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ விளையாட்டை முன்கூட்டியே அறிமுகப்படுத்தி ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்’ இதழில் எழுதிய ஆலன் எம்ரிச், தேடுதல், விரிதல், சுரண்டுதல், அழித்தல் என்னும் நான்கு செயல்களுக்குரிய ஆங்கிலச் சொற்களில் ஒலிக்கும் எக்ஸ் எழுத்தை எடுத்து ‘ஃபோர் எக்ஸ்’ என்ற பெயரை உருவாக்கினார். வகைக்குரிய பெயரே, அந்த விளையாட்டு கடைக்கு வருமுன் எழுதப்பட்ட ஒரு முன்னோட்டக் கட்டுரையில் பிறந்தது என்பது கவனத்துக்குரியது. இவ்வகையில் ஆட்டம் தொடங்கும்போது வரைபடத்தின் பெரும்பகுதி இருண்டு கிடக்கும். ஆடுபவர் கப்பலை அனுப்பிய பின்னரே அந்த இருள் விலகி, எந்தக் கோளில் கனிமம் உண்டு, எந்த மீனருகில் பகைவன் காத்திருக்கிறான் என்பது தெரியவரும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் எனச் சைவ சித்தாந்தம் இறைவனுக்குக் கூறும் ஐந்தொழில்களில் மறைத்தலை இந்த விளையாட்டுகள் நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கின்றன, அருளலுக்கு மட்டும் அவற்றில் பொத்தான் வைக்கப்படவில்லை என்று ஒரு சித்தாந்தி நகையாடக் கூடும்.

இந்த ஆராய்ச்சிக்கு மும்பையைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்று பகுதிகளிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களிடையே, வரவிருக்கும் விளையாட்டின் ட்ரெய்லரைக் கைப்பேசியில் பார்த்துப் பட்டியலிடும் இளைஞர்களும், வரவிருக்கும் அடுக்குமாடியின் வரைபடத்தை மடித்துப் பையில் வைத்திருக்கும் பெரியவர்களும் ஒரே வீட்டுக்குள் இருக்கிறார்கள். இருவரும் காணாததை ஒப்பிடுகிறார்கள். இருவருக்கும் படத்தைக் காட்டுபவர் விற்பவராகவே இருக்கிறார். வீட்டைப் பற்றிய ஒப்பீட்டில் ஊருக்குக் கிடைத்துள்ள பட்டறிவு விளையாட்டைப் பற்றிய வினாவுக்கு வெளிச்சம் தருவதால், இரண்டையும் சேர்த்தே நோக்குவது பயனுடையது.

அளவைகள் எத்தனை என்பதில் சமயங்கள் வேறுபடுகின்றன. கண்முன் காண்பதொன்றே அளவை என்பது உலகாயதம். காட்சியும் கருதலும் ஆகிய இரண்டும் போதும் என்பது திங்நாகர் வழிவந்த பௌத்தம். உவமையையும் உரையையும் சேர்த்து நான்கு என்பது நியாயம். மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை சந்திக்கும் அளவைவாதி, வேதவியாசர், கிருதகோடி, சைமினி ஆகியோர் முறையே பத்தும் எட்டும் ஆறும் கொண்டதைக் கூறிப் பத்தையும் விளக்குகிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பிறர் கூறிய நீண்ட பட்டியலைச் சொல்லிவிட்டு, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றுக்குள் அடங்கும் என்று முடிக்கிறது. விளையாட்டுகளின் ஒப்பீட்டுக்கு முதலில் உரிமை கொண்டாடக் கூடியது, இயல்பாகவே, உவமை அளவையாகும். ஒப்பிடுதல் என்பதே அதன் தொழில் அல்லவா?

உவமை அளவைக்கு நியாய நூலார் தரும் எடுத்துக்காட்டை மணிமேகலையும் எடுத்தாள்கிறது. கவயமா என்பது காட்டில் திரியும் ஒரு விலங்கு. அதை ஒருபோதும் கண்டிராத நகரத்தானிடம், அது பசுவைப் போன்றிருக்கும் என்று காட்டில் வாழ்பவன் சொல்கிறான். நகரத்தான் பின்னொரு நாள் காட்டுக்குள் சென்று, பசுவைப் போன்ற விலங்கொன்று மேய்ந்துகொண்டிருப்பதைக் கண்டு, முன்பு கேட்ட சொல்லை நினைவுகூர்ந்து, இதுவே கவயமா என்று தெளிகிறான். இந்த நிகழ்ச்சியில் நான்கு உறுப்புகள் உள்ளன: முன்பே அறிந்த பசு, காட்டுவாசியின் சொல், நேரில் கண்ட விலங்கு, நினைவு. நியாய நூலாரின் கருத்தில் இங்கே விளையும் புதிய அறிவு, கவயமா என்ற பெயர் இந்த விலங்குக்கு உரியது என்ற தொடர்பு ஒன்றே. காட்டுக்குள் போகாதவனுக்கு அந்த அறிவு விளையாது. அவனிடம் இருப்பது கேட்ட சொல்லும் தொழுவத்துப் பசுவும் மட்டுமே.

2020-களின் தொடக்கத்தில் இவ்வகை விளையாட்டுகளை விரும்புவோர் செய்த ஒப்பீடு இதனினும் ஒரு படி விந்தையானது. 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு, பலமுறை தள்ளிப்போய், 2024 மே மாதம் வெளிவந்த ‘ஹோம்வேர்ல்ட் 3’, 2022-இல் முன்னணுகல் என்ற முற்றுப்பெறாத வடிவில் ஒரு கடையிலும் 2024-இல் முழுமையாகப் பிற கடைகளிலும் வந்த ‘சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர் 2’, நெடுங்காலம் வரவிருக்கும் பட்டியலிலேயே இடம்பிடித்திருந்த ‘ஃபாலிங் ஃப்ரான்டியர்’ ஆகிய மூன்றும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்பட்டன. இது, காட்டுக்குள் போகாமலேயே இரண்டு மூன்று கவயமாக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதன் கொம்பு அழகு என்று வாதிட்டதற்கு நிகராகும். பேசியவர்களின் தொழுவத்தில் இருந்த பசுக்களோ, 1999-இல் வந்த முதல் ஹோம்வேர்ல்டும் 2008-இல் வந்த முதல் சின்ஸ் விளையாட்டும் ஆகும்.

மூன்றையும் ஒரே தட்டில் ஏற்றிய சொல் ‘வகை’ என்பது. இச்சொல்லின் வலிமையையும் வரம்பையும் அறிய, சித்தியார் காட்சிப் பொருளுக்குக் கூறும் இருவகை இயல்புகள் துணைசெய்கின்றன. ஒரு பொருள் வேறு சாதிப் பொருள்களிலிருந்து விலகித் தன் சாதியோடு ஒத்து நிற்பது அதன் பொதுவியல்பு. வேறு சாதியிலிருந்தும் தன் சாதியில் உள்ள பிறவற்றிலிருந்தும் விலகித் தானாக மட்டும் நிற்பது அதன் தன்னியல்பு. கப்பற்படை, கோள்கள், மேலிருந்து பிறப்பிக்கும் ஆணை ஆகியன மேற்கண்ட மூன்று விளையாட்டுகளுக்கும் பொது. ஆனால் ஹோம்வேர்ல்டில் பேரரசு கட்டும் வேலை இல்லை. ஒரு தாய்க்கப்பலைச் சுற்றி முப்பரிமாண வெளியில் படையை மேலும் கீழும் நகர்த்துவதே அதன் உயிர், அதன் மூன்றாம் பாகத்தில் விண்ணில் மிதக்கும் பேருருவக் கட்டடங்களின் மறைவில் கப்பல்கள் பதுங்குகின்றன. சின்ஸ் விளையாட்டிலோ வரி, வணிகம், குடியேற்றம் யாவும் உண்டு. அதன் இரண்டாம் பாகத்தில் கோள்கள் தத்தம் பாதையில் சுழல்வதால், ஆட்டத் தொடக்கத்தில் பக்கத்து வீடாக இருந்த கோள் ஒரு மணி நேரத்தில் பகைவனின் கொல்லைப்புறத்துக்குப் போய்விடக் கூடும். ஃபாலிங் ஃப்ரான்டியர் தன் முன்னோட்டங்களில் முன்னிறுத்தியது, எரிபொருளையும் உதிரிப் பாகத்தையும் படைக்குக் கொண்டுசேர்க்கும் வழங்கல் பாதைகளையும் உளவையும் ஆகும். முன்கூட்டிய ஒப்பீட்டால் எட்டக்கூடியது இவற்றின் பொதுவியல்பு. காசு கொடுத்து வாங்கி, இரவு இரண்டு மணிவரை விழித்து ஆடப்படுவதோ தன்னியல்பு. இவ்விடைவெளியே இங்கு ஆராயப்படும் ஓட்டை.

உவமை கைவிட்டால் கருதல் கைகொடுக்குமா என்று கேட்கலாம். கருதல் என்பது அனுமானம். புகையைக் கண்டு நெருப்பை உணர்வது. அதற்கு, புகை உள்ள இடத்தில் எல்லாம் நெருப்பு உண்டு என்ற தவறாத உடனிகழ்ச்சி வேண்டும். இதை வடநூலார் வியாத்தி என்பர். நல்ல விளையாட்டைச் செய்தவர்கள் மீண்டும் நல்லதையே செய்வார்கள் என்பது இரசிகர்கள் கொள்ளும் வியாத்தி. ஹோம்வேர்ல்ட் 3-ஐச் செய்த பிளாக்பேர்ட் நிறுவனம், முதல் ஹோம்வேர்ல்டில் பங்காற்றியவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது; புகைக்குக் குறைவில்லை. விளையாட்டு வெளிவந்தபோது அதன் கதைப்பகுதி நெடுநாள் இரசிகர்களிடமே கடும் குறைகூறலுக்கு ஆளாயிற்று. இதற்கும் முன்னர், 2006-இல் வந்து நற்பெயர் பெற்ற ‘சோர்ட் ஆஃப் தி ஸ்டார்ஸ்’ விளையாட்டின் இரண்டாம் பாகம் 2011 அக்டோபரில் முற்றுப்பெறாத நிலையில் வெளியிடப்பட்டு, வெளியீட்டாளர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. மனிதர் செய்யும் பொருளில் வியாத்தி தளர்ந்தே நிற்கும் என்பதற்கு இவை போதிய சான்றுகள். மாட்டுங்காவிலிருந்து தாராவியின் வரவிருக்கும் மறுசீரமைப்பை அனுமானிப்போரும் இதே பிழையைச் செய்கிறார்கள். 1896-இன் பிளேக் நோய்க்குப் பின் 1898-இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர்-மாட்டுங்கா பகுதியை முதலில் காகிதத்தில் வரைந்து, பிறகு தெருவும் பூங்காவுமாக நிலத்தில் இறக்கியது. கிங்ஸ் சர்க்கிளும் ஐந்து தோட்டங்களும் இன்றும் கண்ணுக்கு இனிதாக உள்ளன. எனவே வரைபடம் ஊராகும் என்று துணிவது எளிது. டிரஸ்ட் வரைந்த நிலம் பெரும்பாலும் வெளியாகக் கிடந்தது என்பதும், தாராவியின் ஒவ்வொரு முழத்திலும் ஏற்கெனவே ஒருவர் தொழில் செய்துகொண்டிருக்கிறார் என்பதும் அந்த அனுமானத்தில் விடுபட்டுப் போகின்றன. விண்வெளி வியூக விளையாட்டுகளும் தம் முதல் இரண்டு எக்ஸ்களுக்கு இப்படியொரு வெற்றுவெளியையே வேண்டி நிற்கின்றன என்பது தற்செயல் ஒற்றுமையாகத் தோன்றவில்லை.

இங்கு சித்தாந்தி ஒரு மறுப்பை எழுப்பக் கூடும். இல்லாதது தோன்றாது, காரணத்தில் மறைந்திருப்பதே காரியமாக வெளிப்படுகிறது என்னும் சற்காரியவாதம் சாங்கியர்க்கும் சைவ சித்தாந்திகளுக்கும் பொதுவான கொள்கை. எள்ளில் எண்ணெய் இருப்பது போல, வெளிவராத விளையாட்டும் அதன் நிரலில், அதாவது கணினிக்கு இடப்படும் கட்டளைத் தொகுப்பில், ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே இருப்பதைத்தான் ஒப்பிடுகிறார்கள் என்பது அந்த மறுப்பு. இதனை எடைபோடச் சித்தாந்தம் விரும்பிக் கையாளும் குயவன் உவமையையே எடுத்துக்கொள்ளலாம்: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம்.

அந்த உவமை தாராவியில் ஏட்டில் மட்டும் இல்லை. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் வாழும் கும்பார்வாடாவில், வீட்டின் முன்கூடமே தொழிற்கூடமாகவும் வீடுகளுக்கு இடைப்பட்ட முற்றமே சூளையாகவும் இருக்கின்றன. சக்கரத்தின் நடுவில் வைத்த மண்ணுருண்டை, ஈரக் கையின் இரண்டு விரல்கள் உள்ளேயும் மற்ற விரல்கள் வெளியேயும் அழுத்த, சில நொடிகளில் கழுத்தும் வாயும் பெற்று எழுகிறது. நூலால் அடியை அறுத்துப் பலகைமேல் வைத்த உடனே அது பானை என்றே அழைக்கப்படுகிறது. ஆனால் அதில் தண்ணீர் ஊற்ற முடியாது. ஊற்றினால் மறுபடியும் மண்ணாகும். நிழலில் உலர்ந்து, பஞ்சாலைக் கழிவும் கந்தையும் எரியும் சூளைக்குள் அடுக்கப்பட்டு, புகை அடங்கிய பின் மூடிய ஓடுகளை நீக்கி எடுக்கும்போது, குயவர் ஒவ்வொரு பானையையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார். கணீரென்றால் ஒரு பக்கம். ஓசை மங்கினால் மறுபக்கம். சற்காரியவாதத்தை முழுவதும் ஒப்புக்கொண்டாலும், மண்ணில் மறைந்திருந்தது பானை மட்டும் அன்று, விரிசலும் அங்கேயே மறைந்திருந்தது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்தப் பானையில் எது வெளிப்படும் என்பதைச் சூளைக்கு முன் தட்டி அறிய இயலாது. ட்ரெய்லர் என்பது பலகைமேல் வைத்த பச்சைப் பானை.

அப்படியானால் எஞ்சுவது உரை அளவை. உரை என்பது ஆப்தர் சொல், அதாவது நம்பத்தக்கவர் சொல். நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்சியாயனர், பொருளை நேரில் உணர்ந்தவரும் உணர்ந்தவாறே பிறர்க்குக் கூற விழைபவருமே ஆப்தர் என்று வகுத்து, இந்த இலக்கணம் முனிவர்க்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் ஒன்றே என்றும் சேர்த்துச் சொன்னார். பழங்கால நூலாசிரியர் ஒருவரிடம் காணும் இந்தத் தாராளம் வியப்புக்குரியது. அதன்படி விளையாட்டைச் செய்பவர் வணிகர் என்பதற்காகவே ஆப்தர் பட்டியலிலிருந்து நீக்கப்பட மாட்டார். அவர் நீங்குவது வேறொரு காரணத்தால்: முற்றுப்பெற்ற விளையாட்டை அவரும் இன்னும் காணவில்லை. மூன்றாண்டு கழித்து வரும் பொருளைப் பற்றி அவர் கூறுவது, எவ்வளவு நேர்மையோடு கூறினாலும், தன் எண்ணத்தைப் பற்றிய செய்தியே அன்றிப் பொருளைப் பற்றிய செய்தி ஆகாது. பொய்யர் என்று அவரை வைவோர் அவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவராக்கி மதிப்பளிக்கிறார்கள்.

ட்ரெய்லரின் மூலையில் சிறிய எழுத்தில் ஓடும் குறிப்பு, காட்டப்படுவது உண்மையான ஆட்டக் காட்சி அல்ல என்று சொல்வதுண்டு; மும்பைக் கட்டுமான நிறுவனங்களின் வழவழப்பான கையேட்டிலும், மரங்களும் நீச்சல் குளமும் சூழ்ந்த கட்டடத்தின் கீழே, இது கலைஞரின் கற்பனை என்று அதே அளவு எழுத்தில் அச்சிட்டிருப்பதுண்டு. இரண்டு குறிப்புகளும் ஒரே சமயத்தில் உரையைத் தந்து உரைக்கான பொறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்பவை. வீட்டைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு குறுக்கிட்டிருக்கிறது: 2016-இன் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு, விளம்பரத்தில் உள்ள பொய்க் கூற்றை நம்பிப் பணம் கட்டியவருக்கு இழப்பீடும், விலக விரும்பினால் வட்டியோடு பணமும் தர வகைசெய்கிறது, அதை நடைமுறைப்படுத்தும் மகாரேரா என்ற மாநில ஆணையம் 2017 மே மாதம் முதல் இயங்குகிறது. விளையாட்டுக்கு இத்தகைய ஆணையம் இல்லை. ஸ்டீம் என்னும் இணையக் கடை, வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பித் தருகிறது. இது உரையைக் கைவிட்டுக் காட்சிக்கு வழிவிடும் நல்ல ஏற்பாடு. ஆயினும் ஃபோர் எக்ஸ் விளையாட்டில் இரண்டு மணி நேரம் என்பது முதல் எக்ஸைத் தாண்டாத நேரம். சுரண்டலும் அழிப்பும் தொடங்கும்போது கெடு முடிந்திருக்கும்.

காட்சியின் இந்தக் குறை, வெளியீடு என்ற எல்லைக்கோட்டையே ஐயுற வைக்கிறது. 2016 மே மாதம் வெளிவந்த ‘ஸ்டெல்லாரிஸ்’ விளையாட்டில் விண்மீன்களுக்கு இடையே பயணம் செய்ய மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. 2018-இல் வந்த 2.0 பதிப்பு அவற்றில் இரண்டை நீக்கிவிட்டு, மீன்களை இணைக்கும் நிலையான பாதைகளை மட்டும் எல்லோருக்கும் விதித்தது. 2016-இல் வாங்கியவர் வைத்திருப்பது அதே விளையாட்டைத்தானா? எல்லாப் பொருளும் கணந்தோறும் அழிந்து பிறக்கும் தொடர்ச்சியே என்ற பௌத்தரின் கணபங்கவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு மணிமேகலையின் பௌத்த ஆசானாகிய அறவண அடிகளுக்குக் கிடைத்திருக்காது.

மணிமேகலையின் அளவைவாதி அளவைகளோடு நிற்காமல், அளவை போலத் தோன்றி ஏமாற்றும் எட்டுப் போலிகளையும் எண்ணிக் காட்டுகிறான். அவற்றுள் தேராது தெளிதல் என்பது, வெளியில் நடப்பட்ட கட்டையை ஆராயாமல் மனிதன் என்று துணிவது; கட்டையோ மனிதனோ என்று தயங்குவதாகிய ஐயத்தைவிட இது தாழ்ந்தது, ஏனெனில் ஐயத்தில் தேடல் உயிரோடு இருக்கிறது. உண்மையான அளவைகளின் வரிசையில் அவன் வைக்கும் ஐதிகமோ, இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் வழிவழியாகச் சொல்வதை ஏற்பது. இதை அளவையாகக் கொண்டது அவனது பெருந்தன்மை என்றே சொல்ல வேண்டும். கசிந்த படம், யாரோ கேட்ட செய்தி என்று வரவிருக்கும் விளையாட்டுகளைச் சுற்றிப் பரவுவன யாவும் அந்த மரத்துப் பேயின் உறவினர்களே.

பத்து அளவைகளில் இந்த ஆராய்ச்சிக்கு உண்மையிலேயே பயன்படுவது, பெரிதும் புறக்கணிக்கப்பட்ட அபாவம் என்னும் இன்மை அளவை: ஓரிடத்தில் ஒன்று இல்லாமையை அறிவது. காட்டப்பட்டதை ஒப்பிடுவதைவிடக் காட்டப்படாததை எண்ணுவது முன்கூட்டிய ஒப்பீட்டில் உறுதியானது. ஐந்து முன்னோட்டங்களிலும் பகைப் பேரரசைக் கணினி எப்படி இயக்குகிறது என்பது ஒருமுறைகூடக் காட்டப்படவில்லை என்றால், அந்த இன்மை ஒரு செய்தி. செம்பூரை அடுத்த மாகுலில் இதன் விலை தெரியவந்தது. தான்சா குடிநீர்க் குழாயை ஒட்டியிருந்த குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு அங்கே 225 சதுர அடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. குழாய்க்கரைக் குடிசையோடு ஒப்பிட, தனிக் கழிப்பறையும் மின்தூக்கியும் கொண்ட வீடு எல்லாக் கட்டங்களிலும் மேலானது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகில் அமைந்த அந்தக் குடியிருப்பின் வரைபடத்தில் காற்று வரையப்படவில்லை. மூச்சுத்திணறலும் தோல் நோயும் தம்மை வாட்டுவதாக முறையிட்டவர்கள் வழக்காட, 2019 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம், வேறிடத்தில் குடியிருக்க அவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை தருமாறு மாநில அரசுக்கு ஆணையிட்டது. வரைபடங்களில் எதையெல்லாம் வரைவதில்லை என்று தெரிந்தவர்களே வரைபடங்களை ஒப்பிடத் தகுதியுடையவர்கள்.

தாராவியில் அந்தத் தகுதி பலருக்கும் வாய்த்திருக்கிறது. 2004-இல் முன்வைக்கப்பட்ட மறுசீரமைப்புத் திட்டம், ஐந்து பிரிவுகளாக ஏலம் விடப்பட்டு, கைவிடப்பட்டு, 2018-19-இல் ஒரு நிறுவனம் வென்ற ஏலம் 2020-இல் நீக்கப்பட்டு, 2022 நவம்பரில் மீண்டும் ஏலம் நடந்து அதானி குழுமத்தின் கைக்குச் சென்று, 2025 மே மாதம் அதன் முழுமைத் திட்டம் மாநில அரசின் ஒப்புதலைப் பெற்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வரவிருக்கும் நிலையிலேயே இருந்த வேறொரு விளையாட்டைக் காட்டுவது கடினம். இத்தனை ட்ரெய்லர்களைப் பார்த்த தொண்ணூறு அடிச் சாலைத் தமிழர்கள் கட்டடத்தின் படத்தைப் பற்றிக் கேட்பது குறைவு. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று இருந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, அதற்குப் பின் வந்தோருக்கும் மேல்தளத்தில் வாழ்வோருக்கும் வெளியே வேறு ஏற்பாடு என்ற விதியைப் பற்றியும், அந்த ‘வெளியே’ என்பது எந்த ஊர் என்பதைப் பற்றியுமே அவர்கள் கேட்கிறார்கள். தன்னியல்பு எங்கே ஒளிந்திருக்கும் என்று அறிந்தவர் கேட்கும் கேள்வி அது.

உவமையைப் பற்றி மீமாஞ்சகர் கூறும் விளக்கம் ஒன்று எஞ்சியுள்ளது. நியாய நூலாரிடமிருந்து அவர்கள் விலகும் இடம் நுட்பமானது. காட்டில் கவயமாவைக் கண்டவனுக்குக் கவயமாவைப் பற்றிய அறிவு காட்சியாலேயே வந்துவிடுகிறது; உவமை தரும் புதிய அறிவு, வீட்டில் விட்டுவந்த பசு இதனைப் போன்றது என்பதே. அதாவது ஒப்பீட்டால் விளங்குவது புதியது அன்று, பழையது. விண்வெளி வியூக விளையாட்டுகளின் வரலாறு மீமாஞ்சகர் பக்கமே சாய்கிறது: 2016-இல் மாஸ்டர் ஆஃப் ஓரியன் புதுக்கோலத்தில் வந்தபோது, ஆடியவர்களின் பேச்சு 1996-இல் வந்த அதன் இரண்டாம் பாகத்துக்கே திரும்பியது, கப்பலை உறுப்பு உறுப்பாக வடிவமைத்து, திருப்பம் திருப்பமாகப் போர் நடத்திய இன்பம் இன்னதென்று இருபது ஆண்டு ஆடியவர்க்கும் அப்போதுதான் துலங்கிற்று.

தாராவியின் சந்துகளில் பெண்கள் அப்பளம் இட்டு உலர்த்தும் முறை எளியது. பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, அதன் வளைந்த முதுகின்மேல் ஈர அப்பளங்களை ஒன்றை ஒன்று தொடாதபடி பரப்பி, வெயில் நகர நகரக் கூடையையும் சந்துக்குள் நகர்த்துகிறார்கள். நடந்து போகிறவர்கள் கூடைக்கு ஒதுங்கி, சுவரோடு தோளை உரசிப் போகிறார்கள். வீட்டின் அளவைச் சதுர அடியில் சொல்லும் எந்தப் பட்டியலிலும் அந்தச் சந்து சேர்வதில்லை, அது ஒருவருடைய வீடாகவும் இல்லாததால். மாடி வீட்டுக்குப் போகும் பெண், நடைக்கூடத்தின் சன்னலருகே முதல் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்க்கும் நாளில், தான் விட்டுவந்த வீடு எத்தனை சதுர அடி என்பதை முதல்முறையாக அளக்கத் தொடங்குவாள்.